கிராஷ் ஆன ரீஃப் டேங்க்: காப்பாற்றப் போய்ச் செய்யும் தவறுகள்

மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்ட ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, ஒரே நாளில் சரிந்ததுபோல் தெரியும். ஊருக்குப் போன நேரத்தில் கரன்ட் போயிருக்கும், இல்லை தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றிருக்கும். கண்ணாடி முழுக்கப் பாசி, பாதிப் பவளம் வெள்ளை எலும்பு. பார்த்ததும் மனசு கேட்காது. அன்றைக்கே எல்லாவற்றையும் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றத் தோன்றும். கிராஷில் பிழைத்தவை பலவும் சாவது இந்த அவசரத்தில்தான்.

பெரிய தவறு, டெஸ்ட் செய்யாமல் தண்ணீரில் கை வைப்பது. அம்மோனியா காட்டுகிறதா? அப்படியானால் பாறைக்குப் பின்னால் ஏதோ மீனோ அனிமோனோ (கடல் சாமந்தி) அழுகிக்கொண்டிருக்கலாம். அதை எடுத்துவிட்டு, உப்பும் வெப்பமும் டேங்க் அளவுக்குப் பொருத்திய தண்ணீரில் பாதிவரைகூட மாற்றலாம். இங்கே தயங்கினால்தான் ஆபத்து. ஒரு விஷயம் மட்டும் கவனம். பழைய டேங்கில் பிஹெச் இறங்கியிருக்கும். புதுத் தண்ணீர் அதை 7.8-லிருந்து 8.2-க்கு ஏற்றினால், மிச்சமுள்ள அம்மோனியாவில் நச்சாக இருக்கும் பங்கு இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடும். அதனால் மாற்றியதும் மறுபடி டெஸ்ட் செய்யுங்கள், அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவம் கையில் இருக்கட்டும்.

அம்மோனியா பூஜ்யம், ஆனால் நைட்ரேட் 80 பிபிஎம் (பத்து லட்சத்தில் 80 பங்கு), ஆல்கலினிட்டி எனும் காரத்தன்மை 5 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு), உப்படர்த்தி 1.030 என்றால் கதையே வேறு. உயிரோடு இருப்பவை கொஞ்சம் கொஞ்சமாக இந்தத் தண்ணீருக்குப் பழகிவிட்டன. ஒரே நாளில் நல்ல தண்ணீருக்கு மாற்றினால் அதுவே அதிர்ச்சி. சில நாள் இடைவெளியில் 10, 15 சதவீதம் மாற்றினால் போதும். ஆல்கலினிட்டியை நாளுக்கு 1 டிகேஹெச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம். நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுவதால்தான் உப்படர்த்தி ஏறுகிறது. அதை ஆர்ஓ டிஐ (தாதுக்கள் நீக்கி வடிகட்டிய) நன்னீர் விட்டு, நாளுக்கு 0.001, 0.002 என்று இறக்குங்கள். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நன்னீரில் சரிபார்த்தால் போதாது. 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுக் கரைசல் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கருவி பொய் சொல்வது அப்போதுதான் தெரியும்.

அடுத்தது பாறையைக் குழாய்த் தண்ணீரில் தேய்ப்பது. டேங்கின் உயிரே லைவ் ராக் எனும் இந்தப் பாறையின் துளைகளில் இருக்கும் பாக்டீரியாதான், குளோரின் அதைக் கொன்றுவிடும். டேங்கிலிருந்து எடுத்த உப்புத் தண்ணீரை வாளியில் வைத்து அதில் அலசினால் போதும். மணலையும் ஒரேயடியாகக் கிளறாதீர்கள். கண்ணாடி ஓரத்தில் கறுத்த பட்டை தெரிந்தால், கிளறியதும் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வரும், மீன் தாங்காது. வாரம் ஒரு பகுதி என்று சைஃபன் வையுங்கள்.

பாறையை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். ஜோஆந்திட், பாலிதோவா எனும் பவளம் போன்ற உயிரிகள் ஒட்டிய பாறையில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நச்சு இருக்கலாம். அதன் ஆவியைச் சுவாசித்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். தொடும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

வெளுத்த பவளத்தைச் செத்ததென்று உடனே தூக்கி எறிவதும் தவறுதான். விளக்கணைத்து ஓரிரு மணி நேரம் கழித்து மங்கலான டார்ச்சில் பாருங்கள். மூளைப் பவளத்தின் பள்ளங்களில் மெல்லிய சதை ஒட்டியிருக்கும், சில இடத்தில் உணவு தேடி சின்ன விரல்கள் நீட்டும். அது மீண்டுவர மாதங்கள் ஆகும், ஆனால் மீளக்கூடும். பழுப்புக் கூழாக உரிந்து வருவதை மட்டும் அன்றே எடுத்துவிடுங்கள்.

பலர் மறப்பது வெளிச்சம். பாசியைச் சுரண்டி, வடிகட்டும் கரியான கார்பன் போட்டு மஞ்சள் நிறத் தண்ணீரைத் தெளியவைத்ததுமே பவளத்துக்குப் போகும் ஒளி சட்டென்று கூடிவிடும். விளக்கைப் பாதியாகக் குறைத்துவிட்டு, வாரக்கணக்கில் ஏற்றுங்கள்.

பாசியைக் கையால் பறியுங்கள். மருந்தடித்து ஒரே நாளில் கொன்றால் அது அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். பாஸ்பேட் நீக்கியை அள்ளிப் போட்டுப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனாலும் வம்புதான்: டைனோஃப்ளஜெல்லேட் எனும் குமிழி பிடித்த பழுப்புச் சளி பரவும், அது பாசியைவிடப் பிடிவாதம். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் இருக்கட்டும். அப்புறம், மீனுக்கு நோய் என்று காப்பர் மருந்தை டேங்கிலேயே ஊற்றாதீர்கள். நத்தை, இறால், பவளம் எல்லாம் போய்விடும். தாமிரம் பாறையிலும் தங்கிவிடும்.

தண்ணீர் தெளிந்ததுமே கடைக்கு ஓட வேண்டாம். நைட்ரேட்டும் ஆல்கலினிட்டியும் சில வாரம் நிலையாக நிற்கட்டும், முதலில் சில நத்தைகளோடு தொடங்குங்கள். வெள்ளைப் புள்ளி எனும் ஒட்டுண்ணி நோயில் மீன் செத்திருந்தால், டேங்கை மீன் இல்லாமல் 76 நாள் விடுவது பரவலான வழக்கம். பாறைக்காக மன்னார் வளைகுடாப் பக்கம் போய்விடாதீர்கள்: கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, கடலிலிருந்து எடுத்தால் சிறைத் தண்டனை உண்டு.