டிஷ் வாங்கமுன் வளவைப் பாருங்கள்: செய்மதி இணையத்தில் நாம் விடும் பிழைகள்

மாமாவின் வளவு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வயல் வட்டையை ஒட்டி இருக்கிறது. ஃபோனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் கிணற்றடிக்குப் போக வேண்டும். கட்டாரிலிருந்து மகன் எடுத்தால் குடும்பமே கிணற்றடியில் கூடும். அந்த மகன்தான் காசு அனுப்பி, வீட்டுக்கு செய்மதி இணையம் போடச் சொன்னான். பெட்டி வந்ததும் பூட்டப் போனது நான். முற்றத்தில் மூன்று தென்னைகளுக்கு நடுவே நல்ல வெளி இருக்கிறது என்று நினைத்து அங்கேயே டிஷ்ஷை வைத்தேன். இணையம் வந்தது, வேகமும் வந்தது. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே மகனின் முகம் அப்படியே உறைந்து நிற்கும், பிறகு ஓடும், மறுபடி நிற்கும். நான் தென்னையை அண்ணாந்து பார்த்ததைக் கண்டதும் மாமா சொல்லிவிட்டார்: "மரத்த வெட்ட ஏலா மனே."

வெட்டவும் தேவையில்லை. பிழை மரத்தில் இல்லை, நான் டிவி டிஷ்ஷை நினைத்துக்கொண்டு இதை வைத்ததில்தான் இருந்தது.

டிவி டிஷ் பார்ப்பது ஒரேயொரு செய்மதியை. அது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு சேர்ந்து சுற்றுவதால், நமக்கு அசையாமல் நிற்பது போலிருக்கும். மரங்களுக்கிடையே அந்தத் திசையில் ஒரு சந்து கிடைத்தால் படம் தெரியும். செய்மதி இணையம் தரும் ஸ்டார்லிங்க் நிறுவனத்தின் செய்மதிகளோ சுமார் 500 கிலோமீற்றர் உயரத்தில், செக்கனுக்கு ஏழு கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் ஓடுகின்றன. நம் தலைக்கு மேல் ஒன்று சில நிமிடங்கள்தான் தங்கும். அது போகப் போக டிஷ் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். அதனால் அதற்குச் சந்து போதாது, விரிந்த வானம் வேண்டும். ஏறத்தாழ 110 பாகை அகலமான ஒரு கூம்பைக் கவிழ்த்து வைத்தால் எவ்வளவு வானம் அடங்குமோ, அவ்வளவு. அந்தக் கூம்புக்குள் ஒரு தென்னோலை ஆடினாலும், செய்மதி அதன் பின்னால் போகும் கணத்தில் இணைப்பு அறும். படம் பார்க்கும்போது இது தெரியாது, முன்கூட்டியே இறங்கி வைத்திருக்கும். வீடியோ அழைப்பிலும் பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்பிலும்தான் குட்டு வெளிப்படும்.

இதைப் பெட்டி வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஸ்டார்லிங்க் செயலியை ஃபோனில் இலவசமாக இறக்கி, கமராவை வானத்துக்குக் காட்டிச் சுற்றினால், எங்கே மறைப்பு இருக்கிறது என்று படமாகக் காட்டும். முற்றத்தில் ஒரு தடவை, மாட்டுப்பட்டியடியில் ஒரு தடவை, ஏணி வைத்துக் கூரையருகே ஒரு தடவை என்று பாருங்கள். டிஷ் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதையும் செயலியே சொல்லும். பக்கத்து வீட்டு டிவி டிஷ் பார்க்கும் திசையைப் பார்த்துத் திருப்பாதீர்கள். இன்னொன்று, மரம் வளரும். இன்றைக்கு மட்டுமட்டாகத் தப்பும் வேம்பு அடுத்த மாரிக்குப் பிறகு தப்பாது.

சரி, வெளியான இடம் கிடைத்துவிட்டது. அங்கேதான் அடுத்த பிழை. மாமா வீட்டில் நல்ல இடம் வயல் வேலியோரம் இருந்தது, வீட்டிலிருந்து 30 மீற்றராவது வரும். சாதாரண கிட்டோடு வரும் கேபிள் 15 மீற்றர். "வெட்டி, கடையில் கேபிள் வாங்கி முறுக்கி, டேப் சுற்றினால் சரிதானே?" என்று ஒரு மச்சான் யோசனை சொன்னார். சரியில்லை. அந்தக் கேபிளில் இணையத்தோடு டிஷ்ஷுக்கான மின்சாரமும் போகிறது. மூட்டுக்குள் ஒரு மாரிகாலத் தண்ணீர் இறங்கினால் செம்பு பச்சை பிடித்துவிடும், அப்புறம் எங்கே கோளாறு என்று தேடியே நாள் போகும். நீளமான கேபிளைத் தனியாக வாங்கலாம். வாங்கி, பிவிசி குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைத்துவிடுங்கள். வெளியே கிடந்தால் அணிலும் எலியும் விடாது, மண்வெட்டியும் விடாது.

டிஷ்ஷைத் தாங்கும் கம்பத்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கமுகு மரத்திலோ மூங்கிலிலோ கட்டினால் வாடைக்காற்றில் கம்பம் ஆடும், டிஷ்ஷும் சேர்ந்து ஆடும். சீற் கூரையில் துளை போட்டுப் பூட்டினால் கார்த்திகையில் வீட்டுக்குள் வாளி வைக்க வேண்டி வரும். கொங்கிறீற்றில் ஊன்றிய இரும்புக் குழாய்தான் நல்லது, முடிந்தால் துருப்பிடிக்காதபடி துத்தநாகம் பூசியது. வாவிக்கரையிலோ கடற்கரையிலோ இருப்பவர்கள் ஆணி, கிளிப் எல்லாம் துருப்பிடிக்காததாகப் பார்த்து வாங்குங்கள், உப்புக்காற்று ஒரு வருடத்தில் வேலையைக் காட்டிவிடும். மட்டக்களப்பை அடித்த 1978 நவம்பர் 23 சூறாவளி நினைவிலுள்ள வீடுகளில் இதை நான் விளக்கத் தேவையில்லை.

அதிகம் பேர் கணக்கில் எடுக்காதது கரண்ட். கடையில் யாரும் சொல்வதுமில்லை. சாதாரண அளவு டிஷ் வேலை செய்யும்போது 75 முதல் 100 வாட் வரை இழுக்கும். ஒரு மின்குமிழ் அளவுதானே என்று தோன்றும். ஆனால் குமிழை அணைப்போம், இதை அணைப்பதில்லை. இரவு பகல் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 அலகு, மாதத்துக்கு 54 முதல் 72 அலகு. நம் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது தெரியும்தானே. 60 அலகைத் தாண்டினாலே வேறு கட்டண முறை, பிறகு 90, 120, 180 என்று படிகள். மாதம் 50 அலகில் அமைதியாக இருந்த ஒரு கிராமத்து வீடு, டிஷ்ஷால் மட்டும் இரண்டு படி ஏறிவிடும். புது அலகுகளுக்கு மட்டுமல்ல, பழைய 50 அலகுக்கும் கூடிய விலை கொடுக்க வேண்டி வரலாம். இணையக் கட்டணத்தை மட்டும் எழுதிக் கணக்குப் பார்த்தவர்களுக்கு கரண்ட் பில் வரும்போதுதான் தலை சுற்றும். செயலியில் தூங்கும் நேரத்தைக் குறித்து வைக்கும் வசதி இருக்கிறது. இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை என்று போட்டால் கால்வாசி மிச்சம்.

மின்வெட்டுக்கு பற்றரி போடுபவர்களும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும். 12 வோல்ட், 100 அம்பியர்-மணி ஈய பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, இறக்கினால் அதன் ஆயுள் குறையும். அப்படியென்றால் கையில் இருப்பது 600 வாட்-மணி. இன்வேட்டரில் போகும் இழப்பையும் கழித்தால், சாதாரண டிஷ் ஐந்தாறு மணித்தியாலம் ஓடும். 'மினி' எனும் சிறிய வகை 25 முதல் 40 வாட்தான் எடுக்கும், 12 வோல்ட்டிலேயே ஓடும் என்பதால் இன்வேட்டரும் வேண்டாம். அதே பற்றரியில் 15 மணித்தியாலமாவது தாங்கும். வயல் வாடியில் சோலாரில் ஓட்ட நினைப்பவருக்கு வேகத்தைவிட இதுதான் பெரிய விஷயம்.

மழையைப் பற்றி இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி, மாரியில் இது வேலையே செய்யாது என்கும். மற்றது, ஒன்றும் ஆகாது என்கும். இரண்டும் பிழை. இந்த டிஷ் பாவிக்கும் அலைவரிசையை மழைத்துளி உறிஞ்சும், அது இயற்கை. தூறலுக்கு ஒன்றும் ஆகாது. கார்த்திகை, மார்கழியில் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டும்போது சில நிமிடங்கள் அறும், மழை தணிந்ததும் வரும். அதை டிஷ் பழுது என்று நினைத்து கூரையில் ஏறி ஆட்டாதீர்கள். பயப்பட வேண்டியது மழைக்கு அல்ல, இடிக்கு. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் வரும் இடிக்கு, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது. டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் ரவுட்டரிலிருந்து கழற்றி வையுங்கள். இரும்புக் கம்பத்துக்குப் புவித்தொடுப்பு போடுவதை மின்னியலாளரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

உண்மையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை நானும் இங்கே நடுவில்தான் கேட்கிறேன்: இது உங்களுக்குத் தேவையா? மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ ஃபைபர் வரும் தெருவில் இருந்துகொண்டு இதை வாங்குவது காசைக் கரைப்பது. ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியபோது கருவிக்கே ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல், வீட்டுப் பாவனைக்கு மாதம் பத்தாயிரத்துக்கு மேல் என்றிருந்தது. கிராமத்திலும், வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்றால் வளவில் எங்குமே இல்லை என்று அர்த்தமில்லை. மாமா வீட்டுக் கிணற்றடியில் 4ஜி வந்ததுதானே? அங்கே உயரமான குழாயில் வெளி அன்ரனா ஒன்றை டவரை நோக்கிப் பூட்டி, 4ஜி ரவுட்டரோடு இணைத்திருந்தால் வீட்டுக்குள் ஓரளவு இணையம் வந்திருக்கும். மூன்று கம்பனி சிம்மையும் வாங்கி ஒரு வாரம் பார்த்திருக்கலாம். நாங்கள் பார்க்கவில்லை. வாகரையின் உட்பகுதி, குடும்பிமலைப் பக்கம், கஞ்சிகுடிச்சாறு போன்ற இடங்களில் அப்படிப் பார்த்தும் ஒன்றும் வராதென்றால், அப்போது செய்மதி இணையம் ஆடம்பரமில்லை.

வாங்கிய பிறகு மாமி கேட்ட கேள்வி என்னைத் திணறடித்தது. வங்கிச் செயலி இணையத்தில் நன்றாகத் திறக்கிறது, ஆனால் அந்த ஆறு இலக்க எண் வரவில்லையே ஏன்? அது எஸ்எம்எஸ்ஸாக வருவது. எஸ்எம்எஸ் வருவது டவர் வழியாக. வானத்திலிருந்து எவ்வளவு இணையம் இறங்கினாலும் சிம்முக்கு சிக்னல் வந்துவிடாது. எண்ணுக்காக மாமி இப்போதும் கிணற்றடிக்குப் போகிறார். கண்காணிப்புக் கமராவிலும் இதுபோல ஒரு சிக்கல் உண்டு. வீட்டு இணைப்புக்குத் தனியான பொது ஐபி முகவரி, அதாவது வெளியிலிருந்து நேரே தேடி வரக்கூடிய இணைய எண், கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து நேரடியாக ஐபி அடித்துப் பார்க்கும் பழைய வகைக் கமரா வேலை செய்யாது, நிறுவனத்தின் சேவர் வழியாகப் பார்க்கும் வகையே ஓடும்.

பக்கத்து நான்கு வீடுகள் சேர்ந்து மாதக் கட்டணத்தைப் பங்கு போடலாம் என்ற யோசனை எல்லா ஊரிலும் வரும். ஆசை நியாயமானது, ஆனால் வீட்டுப் பக்கேஜ் ஒரு முகவரிக்கு உரியது, அதைப் பிறருக்கு விற்பதை நிபந்தனைகள் தடுக்கின்றன. வெளிநாட்டில் மலிவாக இருக்கிறது என்று கிட்டைப் பயணப்பையில் போட்டுக்கொண்டு வருவதும் வேண்டாம். வானலையில் இயங்கும் இத்தகைய கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், சுங்கத்தில் நின்றுவிடலாம். தாண்டி வந்தாலும் கணக்கு அந்த நாட்டில் பதிந்தது.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. நம் பகுதிகளில் பணம் கட்டுவது பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை. கணக்கு அவன் மின்னஞ்சலில், கட்டணம் அவன் அட்டையில். அட்டை காலாவதியாகிக் கட்டணம் போகாவிட்டால் வீட்டில் இணையம் நிற்கும். அறிவித்தல் மின்னஞ்சல் போவது அவனுக்கு, வீட்டில் இருப்பவர்களோ ரவுட்டரைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். மாமா வீட்டில் இது ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. இணையம் இல்லாததால் மகனுக்குச் சொல்லவும் வழியில்லை. மாமா குடையோடு கிணற்றடிக்குப் போய் நின்று மகனை எடுத்தார். இப்போது கணக்கின் விபரமும் கடவுச்சொல்லும் சுவர்க் கலண்டருக்குப் பின்னால் ஒரு துண்டில் எழுதி ஒட்டியிருக்கிறது. விபரமறிந்தவர்கள் இதைக் கேட்டால் ஏசுவார்கள்தான்.