ரீபில்ட் பண்ண கேம்பர் வேன் எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் பண்றப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஃபோக்ஸ்வேகன் டைப் 2 வேன், அதோட ஏர்கூல்டு 1600 சிசி எஞ்சினை முழுசா பிரிச்சு புது பிஸ்டன், புது கேம் ஷாஃப்ட், பேரிங் எல்லாம் போட்டு திரும்ப மாட்டியாச்சு, இப்போ சாவியைத் திருப்பி சத்தம் கேட்டுடணும்னு கை பரபரன்னு இருக்கும். வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி உடையுறது இங்கதான்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். இந்த எஞ்சின்ல கேம் (வால்வைத் திறக்க வைக்கிற ஷாஃப்ட்டோட மேடு) மேல உட்கார்ந்து அந்தத் தள்ளலை வால்வுக்குக் கொண்டு போற டாப்பெட் தட்டையானது, ரோலர் கிடையாது. புது கேமும் புது டாப்பெட்டும் ஒண்ணோட ஒண்ணு உரசி செட் ஆகணும், அந்த இடத்துக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுத்தி தெறிக்கிறதுலதான் வருது, அதனால ஐடிலிங்ல விட்டா பத்தாது. எஞ்சின் பிடிச்ச உடனே 2000 ஆர்பிஎம் பக்கம் ஏத்தி, கொஞ்சம் ஏத்தி இறக்கி, 20 நிமிஷம் ஓட்டணும்னு சொல்றது இதுக்குத்தான். நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா மெதுவா ஐடில்ல விட்டு கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிட்டு நிக்கிறாங்க, இல்லன்னா ஸ்டார்ட் ஆகாம பத்து நிமிஷம் செல்ஃப் அடிச்சுட்டே இருக்காங்க. ரெண்டுமே கேமுக்கு ஆகாது. பில்ட் பண்றப்போ கேம்ல தடவின லூப் பேஸ்ட் (மசகுப் பசை) துடைச்சுட்டுப் போயிடும், பத்தாததுக்கு எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவத்தைக் கழுவி கீழ ஆயில்ல கலந்துடும். அதனால முதல் செல்ஃப்லயே பிடிக்கிற மாதிரி எல்லாத்தையும் முன்னாடியே ரெடி பண்ணிக்கிறதுதான் பாதி வேலை.

ஆயில்ல ஆரம்பிங்க. 2.5 லிட்டர் ஊத்திட்டு அப்படியே சாவியைத் திருப்பக்கூடாது. நாலு பிளக்கையும் கழட்டி, காயில் வயரையும் பிடுங்கிட்டு (பிளக் ஓட்டை வழியா பெட்ரோல் ஆவி வர்றப்போ ஸ்பார்க் அடிச்சா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம்), ஆயில் பிரஷர் லைட் அணையுற வரைக்கும் விட்டு விட்டு செல்ஃப் அடிங்க. கம்ப்ரஷன் இல்லாததால பேரிங் மேல லோடு வராது, அதே நேரத்துல மெக்கானிக்கல் பம்பும் கார்புரேட்டருக்கு பெட்ரோல் ஏத்திடும். லைட் அணையலைன்னா அங்கேயே நில்லுங்க, ஸ்டார்ட் பண்ணினா சரியாயிடும்னு நினைக்காதீங்க. அணைஞ்ச பிறகு ஆயில் குச்சியை இன்னொரு தடவை பாருங்க, காலியா இருந்த ஆயில் கூலர் கொஞ்சம் குடிச்சிருக்கும்.

அடுத்து டைமிங், அதாவது ஸ்பார்க் எந்த நேரத்துல அடிக்கணும்ங்கிறது, இதுலதான் ஜாஸ்தி பேர் மாட்டுறாங்க. மத்த நாலு சிலிண்டர் வண்டி பழக்கத்துல 1-3-4-2ங்கிற ஸ்பார்க் வரிசையில பிளக் வயர் மாட்டிடுவாங்க, இதுல 1-4-3-2, டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சுக் கொடுக்கிறது) உள்ள இருக்கிற ரோட்டர் கடிகாரம் சுத்துற பக்கமே சுத்தும். ஒண்ணாம் நம்பர் சிலிண்டர் எதுன்னும் குழப்பம் வரும், வண்டியோட முன்பக்கம்தான் எஞ்சினுக்கும் முன்பக்கம், அதாவது ஃப்ளைவீல் பக்கம், அதுல வலது கைப்பக்கம் இருக்கிறது ஒண்ணு. பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டுற புல்லி மார்க் மேல வந்தா போதும்னு நினைக்காதீங்க, நாலு ஸ்ட்ரோக் முடியுறதுக்குள்ள அது ரெண்டு தடவை வரும், ஒரு தடவைதான் ஒண்ணாம் நம்பருக்கு கம்ப்ரஷன், இன்னொண்ணு மூணாம் நம்பருக்கு. வால்வ் கவரைக் கழட்டி, ஒண்ணாம் சிலிண்டரோட ரெண்டு ராக்கரும் (வால்வை அழுத்துற கை) லூஸா ஆடுதான்னு கையால அசைச்சுப் பாருங்க, ஆடினா சரியான இடம். அப்போ ரோட்டர் டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்புல இருக்கிற சின்ன வெட்டைப் பார்த்து நிக்கணும். பாயிண்ட் கேப் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள திறந்து மூடுற கான்டாக்ட்டோட இடைவெளி) 0.4 மிமீ வச்சு, ஒரு டெஸ்ட் பல்ப்பை வச்சு எஞ்சினை ஓட விடாமலே ஸ்டாட்டிக் டைமிங் செட் பண்ணுங்க, 009ங்கிற மாடல் டிஸ்ட்ரிபியூட்டர்னா பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு 7.5 டிகிரி முன்னாடி. பாயிண்ட் கருகாம காக்கிற பழைய கண்டென்சர் நல்லா வேலை செஞ்சா அதைத் தூக்கிப் போடாதீங்க, புதுசா வர்றது எல்லாமே நல்லதுன்னு சொல்ல முடியாது.

செல்ஃப் மந்தமா சுத்துதா, உடனே பேட்டரியையோ எஞ்சின் டைட்டையோ குறை சொல்லாம கியர்பாக்ஸ் முனைக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற எர்த் பட்டையைப் பாருங்க. எஞ்சின் இறக்கி ஏத்தினதுல அதைத் திரும்ப மாட்ட மறந்திருப்பாங்க, இல்லன்னா பெயிண்ட் மேலயே போல்ட் போட்டிருப்பாங்க.

கசிவு தெரியணும்னு எஞ்சினை மூடுற தகடு எதுவும் மாட்டாம ஓட்டிப் பார்க்கிறது இன்னொரு கெட்ட பழக்கம். இதுல ரேடியேட்டர் இல்ல, தண்ணி சூட்டைக் காட்டுற முள்ளும் இல்ல, ஃபேன் தள்ளுற காத்து சிலிண்டர் வழியா போறதுக்கு அந்தத் தகடுங்கதான் வழி. எஞ்சினைச் சுத்தி இருக்கிற ரப்பர் சீலும் அப்படித்தான், அது கிழிஞ்சிருந்தா கீழ போன சூடான காத்தையே ஃபேன் திரும்ப உறிஞ்சும்.

பெட்ரோல் ஹோஸ் விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எஞ்சின் கேஸ் மெக்னீசியம் கலவை, தீ பிடிச்சு அது எரிய ஆரம்பிச்சா அணைக்கிறது ரொம்பக் கஷ்டம். துணி சுத்தின பழைய ஹோஸை எல்லாம் மாத்தி கிளாம்ப் போடுங்க, கார்புரேட்டர்ல பித்தளை பைப் கையால இழுத்தா ஆடுதான்னு பாருங்க, ஃபயர் எக்ஸ்டிங்குஷர் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும். மூடின ஷெட்டுக்குள்ள ஓட்டாதீங்க, புகை ஆளைக் கொன்னுடும்.

20 நிமிஷம் ஓடியாச்சுன்னா நிறுத்திட்டு முழுசா ஆற விடுங்க, ராத்திரி முழுக்க விட்டாலும் நல்லதுதான், அப்புறம் வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவுல இருக்கிற வால்வ் கேப் 0.15 மிமீ இருக்கான்னு மறுபடி பாருங்க. புது எஞ்சின்ல அது மாறும். கேப் இருந்து டிக் டிக்னு சத்தம் வந்தா பயப்படுற ஆளுங்க, சத்தமே வரலைன்னா சந்தோஷப்படுறாங்க, ஆனா டைட்டா இருக்கிற வால்வ்தான் கருகிப்போகும்.

அதுக்கப்புறம் பிஸ்டன் ரிங் சிலிண்டரோட உரசி செட் ஆகணும்னா பொத்தி பொத்தி ஓட்டக்கூடாது. ஒரே ஸ்பீட்ல ஹைவேல போறதும் வேண்டாம், கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஏத்தி, அப்புறம் காலை எடுத்து எஞ்சின் பிரேக்ல இறங்க விடுங்க, இப்படி மாத்தி மாத்தி. முதல் ஆயில் 500 கிலோமீட்டருக்குள்ள மாத்திடுங்க, இந்த எஞ்சின்ல ஃபில்டர் கிடையாது, ஒரு சல்லடை மட்டும்தான், அதையும் கழட்டி உள்ள என்ன மினுக்குதுன்னு பாருங்க. ஓட்டுறப்போ சிவப்பு சார்ஜிங் லைட் எரிஞ்சா வீடு வரைக்கும் போயிடலாம்னு நினைக்காம அங்கேயே ஓரங்கட்டுங்க, ஏன்னா டைனமோவைச் சுத்துற அதே பெல்ட்தான் கூலிங் ஃபேனையும் சுத்துது.