சப்வூஃபர் மாத்தப் போறீங்களா, மொதல்ல இருக்குற பெட்டிய நகத்திப் பாருங்க

எங்க வீடு கும்பகோணம் பக்கம், நடுவுல முத்தம் வெச்ச பழைய ஓட்டு வீடு, கூடத்துல டிவி. ஹோம் தியேட்டர் செட்டோட வந்த 6 இன்ச் சப்தான் (சப்வூஃபர், பேஸ்ங்குற அடிச் சத்தத்துக்குன்னே இருக்குற ஸ்பீக்கர் பெட்டி) ரொம்ப நாளா ஓடிச்சு, படத்துல இடி இடிச்சா தகர டப்பாவ தட்டுன மாதிரி இருக்கும், அதான் மாத்துனேன். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, காசே ஆகாது.

சப்ப நீங்க வழக்கமா உக்கார்ற எடத்துல வெச்சு, பேஸ் ஜாஸ்தியா இருக்குற பாட்டு ஒன்ன திரும்பத் திரும்ப ஓட விட்டுட்டு, நீங்க செவுத்து ஓரமா தவழ்ந்து போய் கேளுங்க, எங்க பேஸ் இரைச்சலா இல்லாம தெளிவா கேக்குதோ அங்கதான் பெட்டி. நான் தவழ்றத பாத்துட்டு அம்மா "என்னடா தொலைச்ச, நானும் தேடவா"ன்னாங்க. அலமாரி பக்கத்துலேந்து ரேழி ஓரத்துக்கு மாத்துனதுலயே பாதி கொறை போச்சு.

மீதிக் கொறைக்குதான் புதுசு. முத்தம் மாதிரி தொறந்த எடம் இருந்தா பேஸ் வெளிய ஓடிரும், அதனால 12 இன்ச் போர்ட்டட் பாருங்க. போர்ட்டட்னா பெட்டில காத்து போக ஓட்டை இருக்கும், படத்துக்கு அதிரடியா இருக்கும். தஞ்சாவூர்ல மச்சான் வீட்டு ரூம் சின்னது, நாலு பக்கமும் செவுரு, அங்க 10 இன்ச் சீல்டே, அதாவது ஓட்டை இல்லாம மூடுன பெட்டியே தாராளம், பாட்டுக்கும் அதான் சுத்தம். மூடுன ரூம்ல இன்னொரு வில்லங்கம் வேற இருக்கு, சத்தம் நொடிக்கு சுமார் 1,130 அடி போகும், ரூம் நீளம் 14 அடின்னா அத ரெண்டு மடங்காக்குனா 28, அந்த 1,130ஐ 28ஆல வகுங்க, சுமார் 40 ஹெர்ட்ஸ் வருதா, அந்த சுருதி மட்டும் கும்முனு வீங்கிக் கேக்கும், எவ்ளோ காசு போட்டு வாங்குனாலும் வீங்கும், பெட்டிய நகத்துனா அடங்கும்.

பெட்டி மேல பிஎம்பிஓன்னு ஆயிரக்கணக்குல வாட்ஸ் போட்ருந்தா கண்டுக்காதீங்க, அது விளம்பரக் கணக்கு, ஆர்எம்எஸ், அதாவது பெட்டி விடாம குடுக்குற நெஜ வாட்ஸ் எவ்ளோன்னு கேளுங்க. ஸ்பீக்கர் நடுவுல அதிர்ற கோனை சுத்தி இருக்குற வளையம் ரப்பரா பாத்து வாங்குங்க, நம்ம ஊரு ஈரத்துக்கு ஃபோம் பொடிஞ்சு போகும்.

கடையில போட்டுக் காட்டுற வெடிச் சத்தத்துக்கு மயங்காதீங்க, அதுல எல்லாப் பெட்டியும் நல்லாதான் இருக்கும். நான் போன்ல நாயனக் கச்சேரி ஒன்னு எடுத்துட்டுப் போனேன். தவுல்ல தொப்பிப் பக்கம் கோல் விழுற அடி ஒவ்வொன்னும் தனித்தனியா வந்து நிக்கணும், வேகமா வாசிக்கும்போது ஒன்னோட ஒன்னு கொழகொழன்னு ஒட்டுனா அந்தப் பெட்டி வேணாம். மூனு பெட்டி கேட்டேன், ரெண்டு அங்கயே அவுட்டு.

வீட்டுக்கு வந்ததும் ரிசீவர்ல (எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தம் பிரிச்சு அனுப்புற பெட்டி) கிராஸ்ஓவர், அதாவது எதுக்குக் கீழ உள்ள சத்தம் சப்புக்குப் போகணும்ங்குற எல்லை, அத 80 ஹெர்ட்ஸ்ல வெச்சுட்டு, சப்புல இருக்குற கிராஸ்ஓவர் திருகிய ஃபுல்லா மேல ஏத்திடுங்க, ரெண்டுலயும் வெட்டுனா நடுவுல ஓட்டை விழும். சப்போட அதிர்வு மத்த ஸ்பீக்கரோட சேந்து போக ஃபேஸ் சுவிட்ச்னு ஒன்னு இருக்கும், அத 0, 180ன்னு மாத்திப் போட்டு எதுல பேஸ் கனமா வருதோ அதுல விடுங்க.

எனக்கு மொத நாளே ம்ம்ம்னு ஒரே ரீங்காரம், பெட்டிதான் கோளாறுன்னு திருப்பிக் குடுக்கவே கெளம்பிட்டேன், கடைசியா செட்டாப் பாக்ஸ்லேந்து கேபிள் ஒயர கழட்டுனா அப்படியே நின்னுடுச்சு. எர்த் ரெண்டு வழியா சுத்துறதால வர்றது அது. கேபிள் லைன்ல ஐசொலேட்டர்னு, அந்த எர்த் தொடர்ப மட்டும் துண்டிக்கிற சின்ன சாமான் ஒன்னு போட்டா சரியாயிடும், அதுக்காக பிளக்குல எர்த் பின்ன மட்டும் ஒடிச்சுடாதீங்க.

இப்ப பிரச்சனை பரண் மேல இருக்குற பித்தளை அண்டாதான், படத்துல பைட்டு வந்தா அதுவும் சேந்து கொடகொடங்குது, அடியில பழைய சாக்கு மடிச்சு வெச்சுருக்கேன்.