செட்டிநாட்டு வீட்டில் வாஷிங் மெஷின்: வாங்குமுன் வீட்டைப் பாருங்கள்

வாஷிங் மெஷினோடு வரும் கையேடு, அண்மையில் கட்டிய ஓர் அடுக்குமாடி வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கும். எர்த் இணைப்புள்ள பிளக் பாயிண்ட், போதிய வேகத்தில் தண்ணீர் வரும் குழாய், கழிவுநீருக்கு மூடிய குழாய், ஆட்டம் காணாத சமதளம் ஆகிய நான்கும் முன்பே இருக்கின்றன என்று அது எடுத்துக்கொள்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்துப் பழைய வீடுகளில் இந்த நான்கையும் நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே எத்தனை கிலோ, முன்கதவா மேல்மூடியா என்று கடையில் பேரம் பேசுவதற்கு முன்னால், மெஷின் நிற்கப்போகும் இடத்தில் நின்று மின்சாரத்தையும் தண்ணீரையும் தளத்தையும் பார்த்துவிடுவதே முறை.

முதலில் மின்சாரம். தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள மெஷின் சுமார் 2,000 வாட் வரை இழுக்கும். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9 ஆம்பியர். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட 6 ஆம்பியர் பாயிண்ட் இதற்குத் தாங்காது. மெயின் பலகையிலிருந்து தனி ஒயர் இழுத்து, மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணைந்துவிடும் எம்.சி.பி. ஒன்றைத் தனியாக வைத்து, 16 ஆம்பியர் மூன்று துளை சாக்கெட் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகுவதும், மூன்றாவது முள்ளை மடக்கி இரண்டு துளையில் பொருத்துவதும் கூடவே கூடாது. மரப்பட்டிக்குள் ஓடும் பழைய ஒயரிங் பல வீடுகளில் பேஸ், நியூட்ரல் என்ற இரண்டு கம்பிகளோடு நின்றுவிடும். சாக்கெட்டை மட்டும் புதிதாக மாட்டிவிட்டால் மூன்றாவது துளை இருக்கும், ஆனால் அதன் பின்னால் எதுவும் இருக்காது.

சிலர் அந்த மூன்றாவது துளையைச் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான குறுக்குவழி இல்லை. வழியில் எங்கேனும் நியூட்ரல் கம்பி அறுந்துபோனால், மெஷினின் தகரம் முழுவதிலும் மின்சாரம் ஏறிவிடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அதன் பிறகு தப்பிக்கும் வழி குறைவு. கொல்லையில் முறையாக எர்த் குழி தோண்டி, பைப்போ தகடோ பதித்து, அதிலிருந்து கம்பி கொண்டுவர வேண்டும். நம் பக்கத்துச் செம்மண் கோடையில் காய்ந்து இறுகும்போது எர்த்தின் திறனும் குறைந்துபோகிறது. சித்திரை, வைகாசியில் அந்தக் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றிவருவது அதனால்தான். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டும் பழைய பழக்கம், இடையிலே பி.வி.சி. குழாய் வந்துவிட்ட பிறகு வெறும் சடங்கு.

எர்த்துக்கு மேல் இன்னொரு காவல், மின்சாரம் கசிந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒயர் அளவுக்கு மீறிச் சூடாகாமல் காப்பது எம்.சி.பி.; ஆளைக் காப்பதற்கென்று இருப்பது ஆர்.சி.சி.பி. அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்து, அழுத்தியவுடன் விழுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மெஷினைத் தொடும்போது சுரீரென்று ஏதோ உணர்ந்தால், டெஸ்டர் எரிந்தால், அந்த நேரமே சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். “லேசாத்தானே அடிக்குது” என்று செருப்பைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்கிற வீடுகளும் இருக்கின்றன. பின்மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

இடத்தைப் பொறுத்தவரை, வீட்டின் பின்கட்டான இரண்டாங்கட்டின் தாழ்வாரமோ அடுப்படியை ஒட்டிய அறையோ ஏற்றது. திறந்த முற்றமான நடுவாசலில் அடிக்கும் சாரல் எட்டாத தூரத்தில், நேர் வெயில் படாமல் வைக்க வேண்டும். மாடியில், மர உத்திரத்தின்மேல் நிற்கும் தளத்தில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்கதவு மெஷினுக்குள் ஆட்டத்தை அடக்குவதற்காகவே கனமான கான்கிரீட் கட்டி வைத்திருப்பதால், துணியும் தண்ணீரும் இல்லாமலே பெரும்பாலும் 60 கிலோவுக்கு மேல் வரும். அதோடு நிமிடத்துக்கு 1,000, 1,200 சுற்று சுழலும்போது வரும் அதிர்வையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆத்தங்குடிக் கல் என்னும் சிமெண்ட் ஓடு பதித்த தரையாக இருந்தால் வேறொரு தொல்லை உண்டு. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்த கல்லின்மேல் மெஷின் நகர்ந்து நடக்கும். நிற்கும் இடத்தை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, கால்களுக்கு அடியில் ரப்பர் மெத்தை வைத்து, நான்கு கால்களையும் திருகிச் சமப்படுத்தி, மேலே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். எதிரெதிர் மூலைகளில் அழுத்தும்போது ஆடாமல் இருந்தால் லாக் நட்டை இறுக்கிவிடலாம். முன்கதவு மெஷின் புதிதாக வந்த அன்று, டிரம்மை அசையாமல் பிடிப்பதற்குப் பின்பக்கம் முடுக்கியிருக்கும் நீள போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவற்றோடு ஓட்டினால் மெஷின் துள்ளிக் குதிக்கும், முதல் நாளே பழுதாகவும் கூடும். கழற்றிய போல்ட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறும்போது தேவைப்படும்.

தண்ணீர் வரத்துக்கு வருவோம். ஓட்டுக் கூரைமேல் தொட்டி வைக்க முடியாததால், பல வீடுகளில் கொல்லையில் ஸ்டாண்டு போட்டுத் தொட்டி வைத்திருப்பார்கள். தொட்டியின் நீர்மட்டம் மெஷின் குழாயைவிட ஒவ்வொரு மீட்டர் உயரத்தில் இருக்கும்போதும் சுமார் 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். உங்கள் மாடலுக்கு எவ்வளவு வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும், 0.3 பார் என்றிருந்தால் குறைந்தது 3 மீட்டர் வித்தியாசம் வேண்டும் என்று பொருள். போதாவிட்டால் மெஷின் தண்ணீருக்காகக் காத்திருந்துவிட்டுப் பிழை காட்டி நின்றுபோகும். அதைப் பழுது என்று எண்ணி மெக்கானிக்கை அழைத்துப் பணம் கொடுப்பது வீண். குழாய் மெஷினில் சேரும் இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கும். போர் தண்ணீரோடு வரும் மண் அதில்தான் அடையும் என்பதால், குழாயை மூடிவிட்டு அதைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கழிவுநீர்க் குழாயின் முனை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பது வகைக்கு வகை மாறும். பம்பு உள்ள முன்கதவு மெஷினுக்குப் பொதுவாக 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரம் சொல்வார்கள். அதைத் தரையில் போட்டுவிட்டால், உள்ளே ஏறும் தண்ணீர் ஏற ஏறத் தானாகவே வெளியேறிக்கொண்டிருக்கும். மெஷின் நிறையாது, தொட்டிதான் காலியாகும். செமி ஆட்டோமேட்டிக்கில் தண்ணீர் தானாக வழிவதால், அதன் குழாய் தரையோடுதான் கிடக்க வேண்டும்.

முனை எங்கே போய்ச் சேர்கிறது என்பதில் நம் வீடுகளுக்கென்று ஒரு கவனம் தேவை. நடுவாசல் வடிகாலில் குழாயைச் சொருகிவிடுவது எளிதாகத் தெரியும். ஆனால் அந்த வடிகால் மழைநீருக்காக அமைந்தது. மழைநீரை ஊரணிக்குக் கொண்டுசேர்க்கும் வாய்க்கால் அமைப்பு இன்னும் இயங்கும் ஊர்களில், நம் சோப்புத் தண்ணீரும் ஊரணிக்கே போய்ச் சேரும். கொல்லைக்குத் தனியாக ஒரு பி.வி.சி. குழாய் இழுத்து, உறிஞ்சு குழியிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ விடுவதே நல்லது. ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் செய்தது, அதன் வண்ண மேற்பரப்பு உட்பட. உப்புக்கறை நீக்கும் பொடிகளில் பெரும்பாலானவை அமிலத்தன்மை உள்ளவை. அந்தத் தண்ணீர் கல்லின்மேல் கசிந்து நின்றால் பளபளப்பு அரிக்கப்பட்டு வெளிறிய திட்டு விழும். பிறகு எத்தனை எண்ணெய் போட்டாலும் அது பழைய நிறத்துக்குத் திரும்பாது.

உப்புக்கறையைப் பற்றிப் பேசாமல் போர் தண்ணீரில் மெஷின் ஓட்ட முடியாது. இந்தியத் தர அமைவனத்தின் குடிநீர் அளவுகோலில் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 200 மில்லிகிராம். மாற்று வழி இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அறிய, ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். நுரைக்காமல் தயிர்போல் திரிந்து மிதந்தால் கடின நீர். அத்தகைய நீரைச் சூடாக்கும்போதெல்லாம் ஹீட்டரில் சுண்ணாம்பு படியும். படிந்த பிறகு சூடேற அதிக நேரமும் அதிக மின்சாரமும் ஆகும். அன்றாடத் துணிக்குச் சாதாரணத் தண்ணீரோ 30, 40 டிகிரியோ போதும். படுக்கை விரிப்பு, துண்டு போன்றவற்றுக்கு மட்டும் 60 வைத்துக்கொள்ளலாம். ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை, துணி போடாமல், கறை நீக்கும் பொடியைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் இட்டுச் சூடாக ஓட்டிவிடுங்கள். அந்தப் பொடியை பிளீச்சிங் திரவத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். முன்கதவு மெஷினுக்கு நுரை குறைந்த பொடியையே வாங்க வேண்டும். அழுக்கு போகவில்லை என்று மேலும் ஒரு கரண்டி அள்ளிப் போடுவதால் நுரைதான் பெருகும், அலசல் கெடும்.

பெட்டிமேல் எழுதியிருக்கும் 8 கிலோ என்பது உலர்ந்த பருத்தித் துணியின் எடை. சிந்தெட்டிக் துணிக்கும் மென்துணி புரோகிராமுக்கும் அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், பெட்டி எடை பார்க்கும் தூக்குத் தராசு ஒன்று எப்படியும் கிடக்கும். துணி மூட்டையை அதில் ஒருமுறை மாட்டிப் பார்த்தால் கணக்கு பிடிபட்டுவிடும். அதுவும் இல்லையென்றால், டிரம்மின் மேற்புறம் ஒரு கை நுழைய இடம் இருக்க வேண்டும் என்பதை அளவாகக் கொள்ளலாம். பட்டாலைக் கூடத்தில் விரிக்கும் ஜமுக்காளத்தைத் தனியே போட்டால் ஒரு பக்கமாகச் சுருண்டு கனத்து மெஷினை உலுக்கும். அதைக் கல்லில் துவைப்பதே மேல். மழைக்கோட்டு, தார்ப்பாய் போல நீர் புகாதவற்றைச் சுழலவிட்டால், உள்ளே தேங்கிய தண்ணீர் திடீரென்று இடம் மாறி மெஷினே உடையும் அளவுக்கு ஆட்டம் வரக்கூடும்.

2019ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையைப் புதிதாக வாங்கியதும் மெஷினில் போட வேண்டாம். முதல் சில சலவைகளைத் தனி வாளியில் கையால் செய்து, சாயம் போவது நின்றதும், மடித்து வலைப்பையில் இட்டு மென்துணி புரோகிராமில், குறைந்த சுழற்சியில் போடலாம். வலைப்பை இல்லாமல் போட்டால் சேலை மற்ற துணிகளையெல்லாம் சுற்றிக்கொண்டு கயிறாக வெளியே வரும். பட்டும் சரிகையும் மெஷின் பக்கமே போகக் கூடாது. அடுப்படித் துண்டிலும் வேட்டியிலும் பட்ட மஞ்சள் கறை, சலவைப் பொடி பட்டதும் சிவந்து முன்னைவிட மோசமாகத் தெரியும். பதற வேண்டாம், பொடியிலுள்ள காரத்தால் வரும் நிற மாற்றம் அது. நன்றாக அலசி நடுவாசல் வெயிலில் காயப் போட்டால் மங்கிவிடும். வேட்டிக்குக் கஞ்சி போடுவது வாளியோடு இருக்கட்டும். மெஷினுக்குள் ஊற்றிய கஞ்சி டிரம்மின் பின்புறம் ஒட்டிப் புளித்து நாறும்.

நல்லெண்ணெய்க் குளியல் துண்டை முதலில் சுடுநீரில் சோப்புப் போட்டு ஊறவைத்துப் பிசைந்த பிறகே மெஷினில் இட வேண்டும். எண்ணெய்ப் பசையோடு, சூடான காற்றில் உலர்த்தும் டிரையரில் போன துணி, சூட்டோடு குவிந்து கிடக்கும்போது தானே தீப்பற்றக்கூடும். தேக்கு நிலைக்கும் கதவுக்கும் வார்னிஷ் அடித்த துணியையும், தின்னர், மண்ணெண்ணெய், பெட்ரோல் பட்ட துணியையும் மெஷினில் போடவே கூடாது. அவற்றின் ஆவிக்கு உள்ளே எழும் ஒரு சின்னப் பொறி போதும்.

செமி ஆட்டோமேட்டிக்கில் பிழியும் தொட்டி முழுதாக நிற்கும் முன் கையை விடாதீர்கள். மூடியைத் திறந்த சில நொடிகளில் அது நிற்க வேண்டும். நிற்காமல் சுற்றினால் பிரேக் தேய்ந்துவிட்டது, சரிசெய்யும் வரை அந்தப் பக்கத்தைப் பயன்படுத்தாதீர்கள். வீட்டில் ஆச்சி தனியாக இருந்தால் இதைப் பக்கத்தில் நின்று ஒருமுறை செய்து காட்டிவிடுவது உத்தமம். முன்கதவு மெஷின் முடிந்த பிறகும் கதவு திறக்க ஓரிரு நிமிடம் ஆகும். இழுத்தால் பூட்டுதான் உடையும். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும் நாட்களில் சைல்டு லாக்கைப் போட்டு, டிரம்முக்குள் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

ஓட்டி முடித்ததும் கதவின் ரப்பர் மடிப்பை விரலால் விரித்துத் துடையுங்கள். ஊக்கு, சில்லறைக் காசு, வேட்டி மடியிலிருந்து விழுந்த பாக்குத் துண்டு எல்லாம் அங்கேதான் கிடக்கும். அங்கே தப்பியவை கீழே பம்பு பில்டருக்குப் போகும். மாதம் ஒருமுறை அந்தப் பில்டரை, அடியில் ஒரு தட்டு வைத்துக்கொண்டு, மெதுவாகத் திருகித் திறந்து கழுவுங்கள். சூடான சலவை முடிந்த உடனே திறந்தால் கை வெந்துவிடும். கதவு சற்றுத் திறந்திருந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்காது. சிறு பிள்ளைகள் இருக்கும்போது மட்டும் கதவைச் சாத்தி, அவர்கள் தூங்கியபின் திறந்துவைக்கலாம்.

திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற பங்காளி வீடு என்றால், பூட்டுவதற்கு முன் குழாயை அடைத்து, பிளக்கைப் பிடுங்கி, பில்டர் வழியே மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். அடிப்பக்கம் திறந்திருக்கும் மாடலுக்கு எலி வலை போடுங்கள். எலி கடித்த ஒயர் வெளியே தெரியாது. மாதங்கள் கழித்து வந்ததும் உடனே துணியைத் திணிக்காமல், முதலில் ஆர்.சி.சி.பி. பொத்தானை அழுத்திப் பார்த்து, தொட்டியில் தேங்கிய பழைய தண்ணீரைத் திறந்துவிட்டு, மெஷினை வெறுமையாக ஒருமுறை ஓட்டி, குழாய் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகு சலவையைத் தொடங்குங்கள்.