மொறிஸ் மைனரில் கிராங் புல்லி ஆடினால் செய்யக்கூடாதவை

மாங்குளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிறவல் ஒழுங்கையில்தான் என் மொறிஸ் மைனர், அந்தப் பழைய பிரித்தானியக் கார், முதன்முதலாகத் தட்டியது. 1098 சிசி எஞ்சின். வண்டியை நிறுத்தி எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால் 'டக், டக்' என்ற சத்தம். அக்சிலேற்றரை மிதித்தால் சத்தம் போய்விடும். பக்கத்து ஊர் கராஜ் ஒன்றில் காட்டினேன். "பிக் என்ட் போட்டுது அண்ணை, சம்ப் கழட்ட வேணும்" என்றார்கள். பிக் என்ட் என்பது பிஸ்ரன் தண்டு கிராங்கோடு சேரும் பெயரிங், சம்ப் என்பது எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி. கழற்றினார்கள். பெயரிங் எல்லாம் நல்லாகவே இருந்தன. ஒரு கிழமை போனதுதான் மிச்சம், தட்டல் அப்படியே இருந்தது. கடைசியில், போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஒரு பெரியவர் வந்து பொனற்றைத் திறந்தார். ஃபேன் பெல்ற்றைக் கழற்றிவிட்டு, கீழே இருந்த புல்லியை, அதாவது கிராங் என்ற எஞ்சினின் சுழல்தண்டின் முனையில் பூட்டி அந்த பெல்ற்றைச் சுற்றும் சக்கரத்தை, ஒரு கையால் பிடித்து அசைத்துக் காட்டினார். அது கிராங்கோடு சேராமல் தனியாக ஒரு மயிரிழை திரும்பியது.

சத்தத்தை மட்டும் கேட்டு எஞ்சினைக் குற்றம் சொல்வதுதான் முதல் தவறு. பிக் என்ட் போனால் பெரும்பாலும் பாரம் இழுக்கும்போதும் வேகம் கூடும்போதும்தான் தட்டும். மெதுவாக ஓடும்போது தட்டி, வேகம் கூடியதும் மறைகிற சத்தம் வந்தால் முதலில் முன்பக்கத்தைப் பாருங்கள். பெல்ற்றைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். பெல்ற் இல்லாமல் தண்ணீர்ப் பம்ப் சுற்றாது, அதற்கு மேல் ஓடவிட வேண்டாம். சத்தம் மாறினாலோ நின்றாலோ புல்லி, டைனமோ, தண்ணீர்ப் பம்ப் மூன்றில் ஒன்றுதான் காரணம். பிறகு எஞ்சினை நிறுத்தி, புல்லியின் விளிம்பைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். நட் அசையாமல் புல்லி மட்டும் அசைந்தால் விஷயம் தெரிந்துவிட்டது. புல்லியும் நட்டும் சேர்ந்து முன்னும் பின்னும் போகிறதா என்று பார்க்க, ஒருவரைக் கிளச்சை மிதிக்கச் சொல்லுங்கள். அந்த அசைவு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் போனால் கிராங் முன்னும் பின்னும் நகராமல் தடுக்க நடுப் பெயரிங்கில் இருக்கும் திறஸ்ற் வாசர் தேய்ந்துவிட்டது. அது வேறு வேலை, அதற்கு எஞ்சினைத்தான் திறக்க வேண்டும்.

இன்னுமொரு அடையாளம் உண்டு, ஆனால் வன்னியில் அது எங்களை ஏமாற்றும். தளர்ந்த புல்லியின் நடுக் குடத்தைச் சுற்றி நுண்ணிய செம்பழுப்புத் தூள் படியும். இரும்போடு இரும்பு உரசிப் பிறக்கிற துரு அது. எங்கள் தெருக் கிறவல் புழுதியும் அதே நிறம்தான்! நான் மாதக்கணக்காக அதைப் புழுதி என்றே நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். நன்றாகத் துடைத்துவிட்டு, வண்டியை முற்றத்தில் நிறுத்தியபடியே எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். தெருவில் ஓடாத வண்டியில் திரும்பவும் சிவப்புத் தூள் வந்தால் அது தெருவிலிருந்து வந்ததல்ல.

சரி, புல்லி ஆடுகிறது. உடனே பெரிய ஸ்பனர் ஒன்றைப் போட்டு நட்டை இறுக்கிவிடுவோம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது, இறுக்கினேன். இரண்டு மாதம் நின்றது. ஏன் நிலைக்கவில்லை என்று விளங்க, உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறது என்று தெரிய வேண்டும். நட் புல்லியின் குடத்தை அழுத்துகிறது, குடம் எண்ணெய் வீசித் தகட்டை, தகடு வால்வுகளை இயக்கும் செயினின் பற்சக்கரத்தை, பற்சக்கரம் கிராங்கின் தோளை. எல்லாம் ஒரே கட்டாக நெருங்கி நிற்கும்போது அந்த இறுக்கமே பாரத்தைச் சுமக்கிறது. சாவி, அதாவது அரைச்சந்திர வடிவான அந்தச் சிறு இரும்புத் துண்டு, புல்லியைச் சரியான கோணத்தில் நிறுத்தத்தான் இருக்கிறது. நட் தளர்ந்தால் முழு அடியும் சாவியில் விழும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் 6000 அடி. சாவியும் அது இருக்கும் பள்ளமும் அகலாமல் என்ன செய்யும்? அகன்ற பள்ளத்தின்மேல் நட்டை இறுக்கினால், புல்லி தன் இடத்தை விட்டு ஓரிரு பாகை தள்ளித்தான் இறுகும். புல்லி விளிம்பிலுள்ள வெட்டும், செயின் மூடியில் இருக்கும் மூன்று முள்ளும் சொல்வது அதோடு பொய்யாகிவிடும். நீளமான முள் பிஸ்ரன் உச்சியைக் காட்டுவது, மற்ற இரண்டும் உச்சிக்கு முன் 5 பாகைக்கும் 10 பாகைக்கும். பொய் அடையாளத்தை நம்பி இக்னிசன் நேரத்தை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, வைத்தவர்கள், பிறகு கார் ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று காபரேற்றரைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

நட்டைக் கழற்றும்போது கேடு செய்கிறவர்களும் உண்டு. அதன் முகப்பில் ஸ்ராட்டிங் கைபிடி மாட்டுவதற்கான பல் இருக்கும். உளியை வைத்து அந்தப் பல்லில் அடித்தால் நட்டும் போகும், கைபிடியும் இனி மாட்டாது. ஸ்பனரைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்துவிட்டு ஸ்ராட்டரை ஒரு தட்டுத் தட்டுகிற வித்தையைச் செய்யவே வேண்டாம், ஸ்பனர் எகிறினால் முகம் போய்விடும். முதலில் றேடியேற்றரைக் கழற்றி இடம் எடுங்கள், சோம்பல்பட்டு இடுக்கால் கை விடாதீர்கள். அங்குல அளவுச் சொக்கட் இரவல் வாங்குங்கள், மில்லிமீற்றர் சொக்கட் மூலையை மழுக்கிவிடும்.

கிராங் திரும்பாமல் பிடிக்க எனக்குப் பிடித்த வழி கயிறு. கியரில் போட்டுக் கைபிரேக் இழுத்தால் தேய்ந்த கிளச் வழுக்கும். நான்கு பிளக்கையும் கழற்றி, முதலாம் சிலிண்டரில் இரண்டு வால்வும் மூடியிருக்கும் நேரம் பார்த்து, பிளக் துளை வழியாக நைலோன் கயிறை உள்ளே சுருட்டிவிட வேண்டும், முனை வெளியே தொங்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் பாவிக்கிற வழுவழுப்பான கயிறு இதற்கு நல்லது, நார் உதிராது. எந்த நிலையில் விடுவது என்பதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். நட் இடப்பக்கமாகக் கழலும், அப்போது கிராங்கும் பின்னோக்கித் திரும்பப் பார்க்கும். ஆகவே கழற்றும்போது பிஸ்ரன் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். பின்னோக்கித் திரும்பினால் அது மேலேறிக் கயிற்றில் முட்டி நிற்கும். திரும்ப இறுக்கும்போது நேர்மாறு, பிஸ்ரன் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும்.

புல்லியை இரண்டு ஸ்குறூ றைவரால் நெம்பாதீர்கள், புல்லியின் தகடு வளையும். இழுவான் ஒன்று தேடுங்கள்.

இனி, நான் சண்டை பிடிக்கிற இடத்துக்கு வருகிறேன். 1990இல் போர் மூண்டு பொருளாதாரத் தடை வந்த பிறகு வன்னியில் பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. காபரேற்றருக்குள் சிறு போத்தலால் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஒஸ்ரினும் மொறிசும் தட்டித் தட்டியே ஓடின. அந்தக் காலத்தில் ஆடுகிற புல்லிக்குப் பால்பேணித் தகட்டை வெட்டிச் சுற்றினார்கள், சாவிக்குப் பதில் ஆணியை அராவிச் செருகினார்கள், அதுவும் முடியாவிட்டால் புல்லியைக் கிராங்கோடு வெல்டிங் பிடித்தார்கள். அது கெட்டித்தனம், நான் இளக்காரம் பேசவில்லை. அன்று அந்தக் கார் ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றியது. ஆனால் போரில் மூடியிருந்த ஏ9 வீதி எப்போதோ திறந்துவிட்டது, கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் புல்லியும் கிடைக்கும் சாவியும் கிடைக்கும். இன்றைக்கும் பேணித் தகட்டை எடுக்கிறவர்களைக் கண்டால்தான் கோபம் வருகிறது.

தகடு சுற்றினால் புல்லி மையம் விலகும், விளிம்பு தள்ளாடி பெல்ற்றை ஒரு பக்கமாகத் தின்னும். ஆணி மென்மையான இரும்பு, நசுங்கும். அதற்குப் பயந்து கடினமான உருக்கில் சாவி செய்தால் சாவி தப்பும், கிராங்கின் பள்ளம் கிழியும். புல்லியை வேறு வாங்கலாம், கிராங்குக்கு எங்கே போவது? வெல்டிங் பிடித்தால் அடுத்த முறை செயின் மாற்றவோ எண்ணெய் சீல் மாற்றவோ வழியில்லை, அரிந்துதான் எடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். புதிய சாவியை முதலில் கிராங்கின் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே இறுக்கமாக நின்றால் தேய்ந்தது புல்லி மட்டும், அதை மாற்றுங்கள். வேறு கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் துளையைக் கடைந்து புஷ் என்ற உள்வளையம் போட்டு, புதுப் பள்ளம் வெட்டலாம். கிராங்கின் பள்ளமே அகன்றிருந்தால் அடிப்பக்கம் அகலமாகவும் மேல்பக்கம் பழைய அளவிலும் படிச் சாவி ஒன்று கடைந்தெடுக்க வேண்டும். மெல்லிய இடைவெளிக்கு லொக்ரைற் 660 போன்ற பசை உதவும், அரை மில்லிமீற்றர் வரை நிரப்பும். எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருந்தாலும் அது பிடிக்காது. குடத்தின் வெளிப்புறத்தையும் நகத்தால் தடவிப் பாருங்கள். எண்ணெய் சீல் உரசுகிற இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், புதுச் சீல் போட்டும் ஒழுகும்.

பூட்டும்போது எண்ணெய் வீசித் தகட்டின் குழிந்த பக்கம் முன்னோக்கி இருக்கட்டும். செயின் மூடியின் போல்ற்றுகளை முதலே இறுக்கிவிடாதீர்கள். புல்லியை சீலுக்குள் தள்ளி, மூடி தானாக மையத்துக்கு வந்த பிறகு இறுக்குங்கள். நட்டுக்குக் கீழே வரும் மடிப்பு வாசரைத் திரும்பப் பாவிக்க வேண்டாம், இரண்டாம் முறை மடித்தால் காது உடையும். இந்த எஞ்சினுக்கு நட்டின் இறுக்கம் 70 அடி இறாத்தல். இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் ஸ்பனர் இல்லையா? நட்டிலிருந்து சரியாக இரண்டு அடி தூரத்தில் வரும்படி பைப் ஒன்றை மாட்டி, அதன் முனையில் மீன்காரர் வைத்திருக்கும் சுருள் தராசைக் கொழுவி, பைப்புக்குச் செங்குத்தாக 16 கிலோ காட்டும்வரை இழுங்கள், கணக்குச் சரிவரும். இதுவும் ஒரு ஒட்டு வேலைதான் என்று நீங்கள் சிரிக்கலாம். அளந்து செய்கிற ஒட்டு வேலையோடு எனக்குச் சண்டை இல்லை.

பெல்ற்றை வீணைத் தந்தி மாதிரி முறுக்கவும் வேண்டாம். நீளப் பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் போக வேண்டும். அப்புறம் இக்னிசன் நேரத்தைப் புதிதாக வையுங்கள், பழைய அடையாளத்தில் வைத்தது இப்போது பொருந்தாது.

நான் பூட்டி முடித்து முதல் ஓட்டம் முறிகண்டி வரை. எல்லோரும் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்குகிற இடத்தில் பொனற்றைத் திறந்து, வாசரின் மடிப்பையும் குடத்தையும் பார்த்தேன். சிவப்புத் தூள் இருந்தது. துடைத்துவிட்டு, ஒரு பை கச்சான் முடியும்வரை எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். திரும்ப வரவில்லை.