இரவில் படகு எடுக்கிறீர்களா, முதலில் லைட்டைப் பாருங்கள்

படகில் லைட் எதற்கு என்று கேட்டால் நம் ஆட்கள் பலர் வழி பார்க்க என்றுதான் சொல்வார்கள். அதைவிட முக்கியம், எதிரே வருகிறவருக்கு நீங்கள் இருக்கிற இடமும் போகிற பக்கமும் தெரிய வேண்டும்.

ஒருநாள் இரவு மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட எஞ்சின் படகில் வந்துகொண்டிருந்தோம். பாலத்து வெளிச்சம் தண்ணீரில் விழுந்து ஆடிக்கொண்டிருந்ததில் முன்னால் ஒரு தோணி கிடந்ததே தெரியவில்லை, பலகையில் துடுப்பு தட்டிய சத்தம் கேட்டு எஞ்சினை நிறுத்திப் பார்த்தால் கை எட்டும் தூரத்தில் ஒரு ஐயா வலையைப் பிடித்தபடி இருக்கிறார். டோர்ச் மடியில் இருந்தது, அணைத்தபடி. "பற்றரி போயிரும் தம்பி" என்றார்.

துடுப்புத் தோணிக்கு அந்த ஒரு டோர்ச் போதும், ஆனால் படகு கிட்ட வருவதற்கு முன்பே எரிய வேண்டும். எதிராளியின் கண்ணில் அடிக்காதீர்கள். உங்கள் சட்டையிலோ தோணிக்குள்ளோ அடித்தால் தோணி முழுக்கத் தெரியும். இருட்டுக்குக் கண் பழக 20, 30 நிமிடம் எடுக்கும், ஒரு வெளிச்சம் பட்டால் அது அத்தனையும் போய்விடும். படகுக்குள் ஏதாவது தேட வேண்டுமென்றால் டோர்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்ளுங்கள்.

எஞ்சின் படகு என்றால் கடலில் படகுகள் மோதாமல் இருப்பதற்கான 1972 சர்வதேச விதிப்படி இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, அதோடு சுற்றிவர எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற வெள்ளை லைட் ஒன்று. 12 மீற்றருக்குக் குறைந்த படகுக்கு இது போதும். வெள்ளையை ஒரு கம்பில், மற்ற இரண்டையும் விட ஒரு மீற்றராவது உயரத்தில் கட்டுங்கள், இல்லாவிட்டால் நிற்கிற ஆளின் முதுகே அதை மறைத்துவிடும்.

எதிரே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் படகு நேரே உங்களை நோக்கி வருகிறது, இருவரும் வலப்பக்கம் திருப்ப வேண்டும். உங்கள் வலப்பக்கத்தில் சிவப்பு மட்டும் தெரிந்து அது குறுக்கே வந்தால் வேகத்தைக் குறைத்து அதன் பின்னால் போங்கள். வெள்ளை மட்டும் தெரிந்தால் அது உங்களுக்கு முன்னால் போகிற படகாகவும் இருக்கலாம், நங்கூரம் போட்டு நிற்பதாகவும் இருக்கலாம், துடுப்புத் தோணியாகவும் இருக்கலாம். அதனால் மெதுவாகத்தான் கிட்டப் போக வேண்டும்.

லைஃப் ஜக்கெட்டைப் பலகைக்குக் கீழே வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள், அதில் ஒரு விசிலும் கட்டுங்கள். எஞ்சினை நிறுத்துகிற சிவப்புக் கயிறு ஓட்டுபவரின் கையில் கட்டியிருக்கட்டும், அவர் விழுந்தால் எஞ்சினும் நின்றுவிடும். போனைப் பொலித்தீன் பையில் கட்டுங்கள். கண்டல் மரங்களின் ஓரம் ஒட்டிப் போகாதீர்கள், முதலை உள்ள வாவி இது. மாரியில் முகத்துவாரத்தை, அதாவது வாவி கடலில் சேரும் இடத்தை அடைத்த மணல் திட்டை, வெட்டிவிட்டார்கள் என்றால் இரவில் அந்தப் பக்கமே வேண்டாம், நீர் இழுத்துக் கடலில் விட்டுவிடும்.

அப்புறம், கிளம்புவதற்கு முன் கரையிலேயே லைட்டை எரியவிட்டு, ஒருவரை நூறு அடி தள்ளி நடக்கச் சொல்லி, முன், பின், இரு பக்கமும் தெரிகிறதா என்று கேளுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத் தோணியைத் தள்ளுங்கள்.