வீட்டுலயே அடைஞ்சு கிடக்கும்போது ஃப்ரெண்ட்ஸோட கேம் விளையாடுறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

மழையோ காய்ச்சலோ ஊரடங்கோ, ஏதோ ஒரு காரணத்துக்கு வெளிய போக முடியாம உட்கார்ந்திருப்போம், அப்ப க்ரூப்ல யாராவது ஒருத்தர் "நைட்டு ஏதாவது கேம் போடலாமா"ன்னு கேப்பாங்க, உடனே பத்து பேர் ஓகேன்னு தம்ஸ் அப் போடுவாங்க, சொன்ன நேரத்துக்கு ஆறு பேர் வருவாங்க, ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா மூணு பேர் தான் மிச்சம் இருப்பாங்க. எங்க கேங்குக்கு வாராவாரம் இந்த ஏற்பாட்டைப் பண்றது நான் தான். இத்தனை நாள்ல கேம் நல்லா இல்லைன்னு எழுந்து போனவங்க ரொம்பக் கம்மி. யாரோ ஒருத்தர் ரொம்ப நேரம் செய்ய வேலையே இல்லாம சும்மா உட்கார்ந்திருப்பாங்க, அவங்க போயிடுவாங்க, அவங்க பின்னாடியே இன்னும் ரெண்டு பேர் போவாங்க, அவ்ளோ தான். நான் கீழ சொல்லப்போற தப்பு எல்லாமே சுத்திச் சுத்தி அந்த சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள்கிட்ட தான் வந்து நிக்கும்.

முதல் தப்பு, எத்தனை பேர் வர்றாங்கன்னு பாக்காம கேமை முடிவு பண்றது. எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்கன்னு கட்டான்ங்கிற போர்ட் கேமை எடுப்போம், ஆனா அது அடிப்படையா 3 இல்ல 4 பேருக்கான கேம், அஞ்சாவது ஆள் வந்தா அவர் வேடிக்கை தான் பாக்கணும். கோட்நேம்ஸ் ஒருத்தர் குடுக்கிற க்ளூவை வெச்சு மத்தவங்க வார்த்தையைக் கண்டுபிடிக்கிற கேம், ரெண்டு டீமா ஆடுறது, குறைஞ்சது 4 பேர் வேணும், 6 பேர் 8 பேர்னா தான் களை கட்டும். எமாங் அஸ், அதாவது நமக்குள்ள ஒளிஞ்சிருக்கிற கொலைகாரனைக் கண்டுபிடிக்கிற ஆன்லைன் கேம், இன்னும் வேற மாதிரி. 4 பேர் இருந்தாலே ஆடலாம்னு கேம் விடும், இப்ப 15 பேர் வரைக்கும் சேரலாம், ஆனா 4 பேரோட ஆடினீங்கன்னா ரெண்டு பேரைக் கொன்ன உடனே முடிஞ்சிடும், யாரை சந்தேகப்படுறதுன்னு பேசக்கூட நேரம் இருக்காது. 7 பேராவது சேரட்டும். செஸ் ரெண்டு பேர் கேம் தானேன்னு ஒதுக்க வேண்டாம், நாலு பேர் இருந்தா ரெண்டு ரெண்டு பேரா டீம் பிரிச்சு, ஒருத்தர் எந்தக் காய்ன்னு மட்டும் சொல்லணும், இன்னொருத்தர் அதை எங்க நகர்த்தணும்னு முடிவு பண்ணணும், நடுவுல ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாது. "குதிரை"ன்னு சொன்னவர் மனசுல ஒண்ணு இருக்கும், பார்ட்னர் குதிரையை வேற எங்கயோ கொண்டு போய் வைப்பார், அந்த நேரத்துல முகத்தைப் பாக்கணும். ஹேண்ட் அண்ட் பிரெயின்னு இதுக்குப் பேரு. செஸ் சுமாரா தெரிஞ்சவங்களும் நல்லா ஆடுறவங்களும் ஒரே டீம்ல ஆட இதை விட நல்ல வழி எனக்குத் தெரியல.

அடுத்தது தான் நான் ரொம்ப நாள் பண்ணின தப்பு. சீக்கிரமா அவுட் ஆகுறவங்களை மறந்துடுறது. மாஃபியா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், ராத்திரி கொலைகாரங்க ரகசியமா ஒருத்தரைக் கொல்வாங்க, பகல்ல எல்லாரும் பேசி யாருன்னு ஓட்டுப் போடணும், 1986ல மாஸ்கோ பல்கலைக்கழகத்துல சைக்காலஜி படிச்ச திமித்ரி தவீதோவ் உருவாக்கினது, சீட்டு கூட வேண்டாம், வாய் இருந்தா போதும், அதனால வீடியோ கால்ல ஆட அருமையா இருக்கும். ஆனா முதல் ராத்திரியே ஒருத்தர் செத்துடுவாரு இல்லையா, அவருக்கு அதுக்கப்புறம் என்ன வேலை? ஒரு தடவை பத்து பேர் ஆடினோம், ஆட்டம் முக்கால் மணி நேரம் போச்சு, முதல்ல செத்த என் ஃப்ரெண்ட் கேமராவை ஆஃப் பண்ணிட்டு இருந்தா, முடிஞ்சு பேர் சொல்லிக் கூப்பிட்டா பதிலே இல்ல, எப்பவோ போயிட்டா. அடுத்த ரெண்டு வாரம் அவ வரவும் இல்ல. அவளைக் கூப்பிட்டுப் பேசினப்ப தான் தெரிஞ்சது, அதுக்கு முந்தின வாரமும் அவ தான் முதல்ல செத்திருக்கா, எங்க யாருக்குமே அது ஞாபகம் இல்ல. அதுக்கப்புறம் நாங்க மாத்திக்கிட்டது இது தான்: முதல்ல செத்தவங்க உடனே கேம் நடத்துறவருக்குத் துணையா போயிடணும், ராத்திரி சீனைக் கதையா சொல்றது அவங்க வேலை, ஒரு ஆட்டம் இருபது நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது, அடுத்த ஆட்டத்துல முதல் ராத்திரி அவங்களைத் தொடக் கூடாது. அதுவும் வேண்டாம்னா ஒன் நைட் அல்டிமேட் வேர்வுல்ஃப் ஆடலாம், ஒரே ஒரு ராத்திரி, ஒரே ஒரு ஓட்டு, பத்து நிமிஷத்துல முடியும், நடுவுல யாரும் சாகுறதே இல்ல.

எமாங் அஸ் பண்ணினவங்க இதை நல்லாவே யோசிச்சிருக்காங்க, செத்துப் போன க்ரூமேட் (கொலைகாரன் இல்லாத சாதாரண ஆள்) கூட பேயா சுத்தி தனக்குக் குடுத்த டாஸ்க்கை முடிக்கலாம், அது டீமோட கணக்குல சேரும். ஆனா நாம அதைக் கெடுத்துடுவோம். கேம் ஓடும்போது கால்ல எல்லார் மைக்கும் ஆன்ல இருக்கும், ஒருத்தர் "அய்யய்யோ"ன்னு கத்துவாரு, யாரு செத்தாங்கன்னு அந்த நொடியே தெரிஞ்சிடும், அப்புறம் என்ன துப்பறியுறது. ஓடும்போது எல்லாரும் ம்யூட், யாரை சந்தேகப்படுறதுன்னு பேசுற மீட்டிங் வந்தா உயிரோட இருக்கிறவங்க மட்டும் அன்ம்யூட். இதைச் சொல்லாம ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க.

ஒரே வீட்டுல அடைஞ்சு இருக்கிறவங்க மோனோபொலியை எடுத்தா வேற ஒரு தப்பு வரும். மணிக்கணக்கா இழுக்குதேன்னு எல்லாரும் கேமைத் திட்டுவாங்க, ஆனா முக்கால்வாசி வீட்டுல நாமளே சேர்த்துக்கிட்ட ரூல் தான் அதுக்குக் காரணம். ஃப்ரீ பார்க்கிங்ல வந்து நின்னா நடுவுல கிடக்கிற அபராதக் காசு எல்லாம் கிடைக்கும்னு ஆடுவோம்ல, ஒரிஜினல் ரூல்ல அங்க ஒண்ணுமே கிடைக்காது. அந்தக் காசு தோத்துப் போகப் போறவரை மறுபடி மறுபடி தூக்கி நிறுத்துது, ஆட்டமும் முடியாம போகுது. இன்னொண்ணு, ஒருத்தர் ஒரு இடத்துல வந்து நின்னு அதை வாங்கலைன்னா அப்பவே அதை ஏலம் விடணும்னு ரூல் புக்ல இருக்கு, அதை முக்கால்வாசிப் பேர் பண்றதே இல்ல. ஏலம் விட்டுப் பாருங்க, இடமெல்லாம் சீக்கிரம் கை மாறும், அதை விட முக்கியம், யாரோட டர்னா இருந்தாலும் எல்லாருக்கும் வேலை இருக்கும்.

உனோவுல சண்டை வராத வீடு உண்டா? அடுத்த ஆளை ரெண்டு சீட்டு எடுக்க வைக்கிற ப்ளஸ் டூ மேல ப்ளஸ் டூ போடலாமா, நாலு எடுக்க வைக்கிற ப்ளஸ் ஃபோர் மேல ப்ளஸ் ஃபோர் போடலாமான்னு. போடக் கூடாதுன்னு 2019ல உனோவோட சொந்த ட்விட்டர் கணக்குலயே சொன்னாங்க, அப்பவும் உலகமே "நாங்க அப்படித் தான் ஆடுவோம்"னு சண்டை போட்டுச்சு. இன்னொரு ரூல் நிறைய பேருக்குத் தெரியாது, கீழ கிடக்கிற கலர் உங்க கையில இருந்தா ப்ளஸ் ஃபோர் போடவே கூடாது. அடுத்த ஆளுக்கு சந்தேகம்னா சேலஞ்ச் பண்ணலாம், நீங்க ஏமாத்தியிருந்தா அந்த நாலு சீட்டை நீங்க எடுக்கணும், ஏமாத்தலைன்னா சேலஞ்ச் பண்ணினவர் ஆறு எடுக்கணும். இந்த ஒரு ரூலைச் சேத்து ஆடிப் பாருங்க, கேம் பொய்யைக் கண்டுபிடிக்கிற கேமா மாறிடும். மத்தபடி சீட்டு மேல சீட்டு போட்டு ஆடணும்னு ஆசைன்னா தாராளமா ஆடுங்க, யாரும் வந்து கேக்கப் போறதில்ல, ஆனா கலைச்சுப் போடுறதுக்கு முன்னாடியே அதைப் பேசிடணும். நடு ஆட்டத்துல ஒருத்தர் கையில பத்து சீட்டு ஏறினதுக்கு அப்புறம் "எங்க வீட்டுல இது தான் ரூல்"னு சொன்னா அது வெறும் சண்டை தான்.

ஆன்லைன்ல ஆடும்போது எல்லாரும் மறக்கிற விஷயம் லேக், அதாவது குரலும் படமும் தாமதமா வர்றது. குரல் ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் போய்ச் சேர 150 மில்லி செகண்டுக்குள்ள இருந்தா தான் பேச்சு இயல்பா இருக்கும்னு ஐடியூவோட (சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு) பரிந்துரை இருக்கு, நம்ம வீட்டு வைஃபைல பத்து பேர் கால் போட்டா சில பேருக்கு அதைத் தாண்டிடும். அதனால "யாரு முதல்ல சொல்றீங்களோ அவங்களுக்குப் பாயிண்ட்"னு க்விஸ் வெச்சா நெட் நல்லா இருக்கிறவங்க தான் ஜெயிப்பாங்க, பதில் தெரிஞ்சும் தோக்குறவங்களுக்கு அது ரொம்ப வெறுப்பா இருக்கும். பேப்பர்ல எழுதி ஒரே நேரத்துல கேமராவுல காட்டச் சொல்லுங்க. நம்ம ஸ்க்ரீன்ல எழுத்து இடம் வலமா மாறி, கண்ணாடில பாக்குற மாதிரி தெரியும், அதைப் பாத்துட்டுப் பேப்பரைத் திருப்பித் திருப்பிக் காட்டாதீங்க, மத்தவங்களுக்கு நேரா தான் தெரியும். பாட்டுக்குப் பாட்டு தனித்தனியா பாடுறதுனால ஓகே, ஆனா எல்லாரும் சேந்து பாடலாம்னு மட்டும் முயற்சி பண்ணாதீங்க, ஆளுக்கு ஒரு வரியில இருப்பீங்க. பாட்டைப் போட்டு என்ன பாட்டுன்னு கண்டுபிடிக்கிற கேம்னா ஜூம்ல ஸ்க்ரீன் ஷேர் பண்ணும்போதே ஷேர் சவுண்டை டிக் பண்ணணும், இல்லன்னா நீங்க மட்டும் பாட்டுக் கேட்டு ரசிச்சிட்டு இருப்பீங்க. யாராவது மைக்ல வாசிச்சோ பாடியோ காட்டினா ஜூம் அதை இரைச்சல்னு நெனச்சு வெட்டும், ஒரிஜினல் சவுண்டை ஆன் பண்ணா சரியாயிடும். ஜூம்ல ஃப்ரீ அக்கவுண்ட்னா 40 நிமிஷத்துல கால் கட் ஆகும், கிளைமாக்ஸ் நேரத்துல அது நடக்காம 35வது நிமிஷத்துல ஒரு ப்ரேக்னு முன்னாடியே வெச்சிக்கோங்க.

இதை விடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு, எனக்கு இது மேல ரொம்ப வருத்தம் உண்டு. எல்லார்கிட்டயும் லேப்டாப்பும் போனும் ரெண்டும் இருக்கும்னு நெனச்சிக்கிறது. ஜாக்பாக்ஸ் மாதிரி கேம் ரொம்ப வசதி, ஒருத்தர் வாங்கினா போதும், மத்தவங்க ரூம் கோடைப் போட்டு போன் ப்ரவுசர்ல சேந்துடலாம். ஆனா ஒரே ஒரு போனை வெச்சிக்கிட்டு அதுலயே கால்ல இருக்கிறவர் ஸ்க்ரீனையும் பாக்கணும், பதிலையும் டைப் பண்ணணும், மாத்தி மாத்திப் போயிட்டு வர்றதுக்குள்ள டைமர் முடிஞ்சிடும். அவர் அதை வாய் விட்டுச் சொல்லவும் மாட்டார், "எனக்கு வேலை இருக்கு"ன்னு கிளம்பிடுவார். முன்னாடியே தனியா ஒரு மெசேஜ்ல போன்லயா லேப்டாப்லயா, எதுல சேரப் போறீங்கன்னு கேட்டுக்கோங்க. செட்டிங்ஸ்ல டைமரை நீட்டிக்கிற வசதி இருக்கும், அதைப் போட்டு விடுங்க. அப்படியும் சரிப்படலைன்னா பேப்பர் பேனா கேமுக்கு மாறிடுங்க, இருபது கேள்வி, ரெண்டு உண்மை ஒரு பொய், நேம் ப்ளேஸ் அனிமல் திங் எல்லாம் சாதாரண வாய்ஸ் கால்லயே ஆடலாம்.

நேம் ப்ளேஸ் அனிமல் திங்கைத் தமிழ் எழுத்துல ஆடிப் பாருங்க, செம ஜாலியா இருக்கும், ஆனா எழுத்தை எடுக்கும்போது கவனம். ண, ழ, ள, ற, ன இதுல எல்லாம் தமிழ்ச் சொல் ஆரம்பிக்காது, ட, ர, ல வந்தா வெளில இருந்து வந்த சொல்லைத் தான் எழுத வேண்டியிருக்கும். க, ச, த, ப, ம, வ இதுகளோட உயிரெழுத்துகளை வெச்சிக்கிட்டா போதும். ஸ்க்ரிபில்ங்கிற படம் வரைஞ்சு வார்த்தையைக் கண்டுபிடிக்கிற ஆன்லைன் கேம்ல தனி ரூம் போட்டு நம்ம வார்த்தைகளையே லிஸ்டா குடுத்துத் தமிழ்ல படம் வரைஞ்சு ஆடலாம், ஆனா நீங்க குடுத்த ஸ்பெல்லிங் எழுத்துக்கு எழுத்து பொருந்தணும். ஜன்னலா சன்னலா, பந்தயமா பந்தையமான்னு பதில் தெரிஞ்சவரும் மாட்டிக்குவார். ரெண்டு விதமா எழுத வாய்ப்பிருக்கிற வார்த்தையை லிஸ்ட்ல போடாதீங்க.

ரூலை இருபது நிமிஷம் பாடமா எடுக்குறதும் தப்பு தான். எப்படி ஜெயிக்கணும்னு முதல்ல சொல்லிட்டு, ஒரு டம்மி ரவுண்ட் ஆடிட்டா பாதி சந்தேகம் தானா போயிடும்.

கடைசியா, எல்லாருக்கும் பதிலா தானே ஆடுற ஆள். பேண்டமிக் மாதிரி எல்லாரும் ஒரே அணியா ஆடுற கேம்ல நல்லா தெரிஞ்ச ஒருத்தர் "நீ அங்க போ, நீ அந்தக் கார்டைப் போடு"ன்னு நாலு பேர் டர்னையும் அவரே ஆடிடுவாரு. கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, ஜெயிக்கணும்னு தான் பண்றாரு, ஆனா மத்த மூணு பேரும் கையை மட்டும் கடன் குடுத்துட்டு உட்கார்ந்திருக்காங்க. டர்ன் யாருதோ அவங்க கேட்டா மட்டும் யோசனை சொல்லணும்னு பேசிக்கோங்க, தோத்தா தோக்கட்டும். கோட்நேம்ஸ்லயும் இதே கதை தான், 25 வார்த்தைல நம்மோடது 8 இல்ல 9 தான், மிச்சத்துல கொலையாளி வார்த்தைன்னு ஒண்ணு இருக்கு, அதைத் தொட்டா மொத்தமா காலி, அந்த பயத்துல சத்தமா பேசுறவர் சொல்றதுக்கே எல்லாரும் தலையாட்டுவாங்க. ஒவ்வொரு க்ளூவுக்கும் விரலை வெச்சுக் காட்டுற ஆளை மாத்திக்கிட்டே இருங்க. வீடியோ கால்னா க்ளூ குடுக்கிறவர் கேமராவை அணைச்சிடணும், அவர் முகத்தைப் பாத்தே பாதி பேர் பதில் சொல்லிடுவாங்க.

நேரமே ஒத்து வராத ஃப்ரெண்டை விட்டுடாதீங்க. லிசெஸ்ங்கிற செஸ் வெப்சைட்ல ஒரு நகர்த்தலுக்கு நாள் கணக்குல டைம் வெச்சு ஆடலாம், போர்ட் கேம் அரீனாங்கிற வெப்சைட்லயும் அவங்கவங்களுக்கு நேரம் கிடைக்கும்போது டர்ன் ஆடுற மாதிரி வெச்சிக்கலாம். நைட் ஷிஃப்ட் பாக்குற என் ஃப்ரெண்ட் ஒருத்தன் எங்க கால்ல ஒரு நாள் கூட வந்ததில்ல, ஆனா தினமும் காலைல நான் எழுந்திருக்கும்போது அவன் நகர்த்தின ஒரு காய் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்.